தாமதம் குற்றமல்ல: பாலியல் வன்கொடுமைப் புகார்களும் காலவரம்பும்

(மாதர் அரங்கில் பணியாற்றும் கட்சி ஊழியர்களுக்கான சட்டப் பயிற்சி வகுப்பில் வழக்கறிஞர் தோழர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

நமது சங்க அலுவலகங்களுக்கும் கட்சிக் கிளைகளுக்கும் வருகிற பெண்கள் பலர், தமக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கும் முன்பே தயங்கி நிற்கிறார்கள். “இது நடந்து நாலு வருஷம் ஆச்சு, இப்போ சொல்லி என்ன பிரயோசனம்?” என்பதே பல நேரங்களில் அவர்களின் முதல் வாக்கியம். காவல் நிலையத்துக்குப் போனால், “இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே?” என்று அதே கேள்வி அதட்டலாக வருகிறது. இவ்விரண்டு கேள்விகளுக்கு நடுவில் எத்தனையோ புகார்கள் எழுத்து வடிவம் பெறாமலே மடிந்துவிடுகின்றன.

இன்றைய வகுப்பில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. கடுமையான குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு நமது நாட்டுச் சட்டம் காலவரம்பு எதையும் விதிக்கவில்லை. சில குற்றங்களுக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டிச் செல்லவும் சட்டத்திலேயே வழி உண்டு. வேறு சில இடங்களில் வரம்பு மிகக் குறுகியது. அங்கே ஒரு வாரத்தைக்கூட நாம் வீணாக்கக் கூடாது. எது எந்த வகை என்று நமது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத நிலையில், “காலம் கடந்துவிட்டது” என்ற காவல்துறையின் பொய்யை நாமே நம்பி, அந்தப் பெண்ணிடமும் சொல்லி அனுப்பிவிடுவோம்.

தாமதத்தை உண்டாக்குவது யார்?

முதலில் தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்ட ஊழியர் பன்வாரி தேவி, 1992-இல் ஆதிக்க சாதியினரால் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார். அவர் தாமதிக்கவில்லை; உடனடியாகப் புகார் கொடுத்தார். ஆனால், அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடப்பதற்கு 52 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நகர மருத்துவமனைக்கும், அங்கிருந்து நடுவரிடமும் அவர் அலைக்கழிக்கப்பட்டார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தபோது, அரசு எந்திரம் உண்டாக்கிய அந்தத் தாமதமும் அவருக்கு எதிராகவே நின்றது. அவருக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டி மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இன்றைய சட்டம் அதிலிருந்து பிறந்தது.

வாச்சாத்தியை நாம் அனைவரும் அறிவோம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டனர். புகார் கொடுக்க வேண்டிய பெண்களே பொய் வழக்கில் சிறைக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் போய் “ஏன் உடனே புகார் கொடுக்கவில்லை?” என்று கேட்பதில் நியாயம் ஏதும் உண்டா? மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர் ஏ. நல்லசிவன் போன்ற தலைவர்களும் நீதிமன்றம் சென்றதால்தான் 1995-இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்.

ஆகவே தாமதம் என்பது அதிகாரத்தின் விளைபொருள். தாக்கியவன் நிலவுடைமையாளனாக, முதலாளியாக, மேலதிகாரியாக, மாமனாராக, ஆசிரியனாக இருக்கிறான். அவனிடமிருந்து விலகி, பிழைப்புக்கு வேறு வழி தேடி, குழந்தைகளைக் காப்பாற்றி, தன்னை நம்பும் ஒருவரைக் கண்டடைந்த பிறகே ஒரு பெண்ணால் பேச முடிகிறது. அதற்குச் சிலருக்கு ஒரு மாதம் போதும். சிலருக்கு இருபது ஆண்டுகள் தேவைப்படும்.

எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு காலம்?

இனி சட்டத்துக்கு வருவோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514-ஆவது பிரிவாக உள்ளது. அது சொல்லும் கணக்கு எளியது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் என்றால் 1 ஆண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ஆண்டுகள். மூன்றாண்டுக்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றம் எதற்கும் காலவரம்பே கிடையாது.

இந்தக் கணக்கை நடைமுறையில் பொருத்திப் பாருங்கள். பாலியல் வல்லுறவு, கூட்டு வல்லுறவு, ஆடையைக் களைதல், அமில வீச்சு, கொடுங்காயம் ஏற்படுத்துதல் ஆகியவற்றுக்கு வரம்பு இல்லை. குழந்தைகள் மீதான பாலியல் வன்தாக்குதலுக்கும் இல்லை. சாதாரணக் காயம் ஏற்படுத்தியதற்கு 1 ஆண்டுதான். பாலியல் துன்புறுத்தல், முதல் முறை பின்தொடர்தல், சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் மானத்துக்கு இழிவு செய்தல் ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. எந்தச் சட்டம் பொருந்தும் என்பது சம்பவம் நடந்த நாளைப் பொறுத்தது. புகார் கொடுக்கும் நாளைப் பொறுத்ததன்று. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு, இன்று புகார் கொடுத்தாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளே பொருந்தும். மானபங்கம் செய்யும் நோக்கில் தாக்குதல் என்ற 354-ஆவது பிரிவுக்கு 2013 பிப்ரவரி 3 முதல் அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டுகள். எனவே வரம்பு இல்லை. அதற்கு முன்பு அதே குற்றத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள்தான். எனவே 3 ஆண்டு வரம்பு உண்டு. 2010-இல் நடந்ததைப் பற்றி ஒரு பெண் சொன்னால், எந்தப் பிரிவு என்று பார்க்காமல் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். அதேபோல், போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14 அன்று. அதற்கு முன் சிறுமிக்கு நேர்ந்த வன்கொடுமைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ்தான் வழக்குத் தொடுக்க வேண்டும். வல்லுறவு என்றால் அங்கும் வரம்பில்லை.

உத்தரப்பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் நடந்த வழக்கு இதற்குச் சான்று. 1994-இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, அண்டையில் வாழ்ந்த சகோதரர்கள் இருவரால் திரும்பத் திரும்ப வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்தது. அது வேறு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மகன் வளர்ந்து, தாயைத் தேடி வந்து, தன் பிறப்பின் உண்மையைக் கேட்டறிந்து, வழக்குத் தொடுக்கும்படி தாயை வற்புறுத்தினான். 2021-இல் நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. மரபணுப் பரிசோதனை குற்றத்தை உறுதி செய்தது. 2024-இல் அவ்விருவருக்கும் தலா 10 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சம்பவம் நடந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு பதிவான வழக்கு அது.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு முக்கியமான வழி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, அவர்களைச் சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும், பாலியல் தன்மையுள்ள சொல்லையோ சைகையையோ பயன்படுத்துவதும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றங்கள். அதிகபட்சம் 5 ஆண்டு என்பதால் இவற்றுக்குக் காலவரம்பு இல்லை. பொதுச் சட்டத்தில் மூன்றாண்டோடு முடிந்துவிடும் புகார், இந்தச் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. முன்ஜாமீனுக்கும் இச்சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே புகாரில் பாதிக்கப்பட்டவரின் சாதியையும், அது எதிரிக்குத் தெரியும் என்பதையும் எழுதாமல் விடுவது பெரும் இழப்பு.

வரம்பு இருந்தாலும், தாண்டினாலும்

வரம்புள்ள குற்றங்களில் நான்கு செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, புகார் கொடுத்த நாளே கணக்கு. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த நாளைப் பார்க்கத் தேவையில்லை என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சாரா மேத்யூ வழக்கில் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் அதை விளக்கமாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறது. காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தாலும் அந்தப் பெண்ணின் உரிமை அழியாது. அதனால்தான் மனு கொடுத்ததற்கான ரசீது உயிர்நாடி.

இரண்டாவது, பல குற்றங்கள் ஒரே வழக்கில் சேர்ந்து வந்தால், அவற்றில் மிகக் கடுமையான குற்றத்துக்கு உரிய வரம்பே அனைத்துக்கும் பொருந்தும். மானபங்கம் செய்தவன் கெட்ட வார்த்தையும் பேசினான், அறைந்தான் என்றால், எல்லாவற்றையும் எழுதுங்கள். கடுமையான குற்றம் சிறிய குற்றங்களையும் சுமந்து செல்லும்.

மூன்றாவது, தொடர் குற்றங்களில் ஒவ்வொரு நாளும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. கணவன் வீட்டாரின் கொடுமை இவ்வகையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. குற்றவாளி தலைமறைவாக இருந்த காலமும் கணக்கில் கழிக்கப்படும்.

நான்காவது, வரம்பு முடிந்த பிறகும், தாமதத்துக்கு உரிய விளக்கம் இருந்தாலோ, நீதியின் நலன் கோரினாலோ நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம். பழைய 473, இன்றைய 519-ஆவது பிரிவு இது. குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமைகளில் இந்த அதிகாரத்தை நீதிமன்றங்கள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று 1993-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தாமதத்துக்குக் காரணத்தை எழுதுங்கள்

வரம்பு இல்லை என்பதற்காக வழக்கு தானே வென்றுவிடாது. தாமதத்தைக் காட்டிச் சாட்சியத்தின் மீது சந்தேகம் எழுப்புவதே எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் வேலை. பாலியல் குற்றங்களில் தாமதத்தைப் பிற வழக்குகளைப் போல் பார்க்கக் கூடாது, பெண்ணும் குடும்பமும் தயங்குவது இயல்பு, நம்பகமாக இருந்தால் அவளுடைய சாட்சியம் ஒன்றே போதும் என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

புகாரின் முதல் பக்கத்திலேயே அது இடம்பெறட்டும். “சம்பவம் நடந்தபோது நான் அவரது ஆலையில் வேலை செய்தேன், தங்கியதும் அவர் கொடுத்த அறையில்தான்” என்றோ, “எனக்கு அப்போது 11 வயது, நடந்தது இன்னதென்று புரியவில்லை” என்றோ, உள்ளது உள்ளபடி அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். நாள் நினைவில்லை என்றால் பொய்யாக ஒரு தேதியைப் போடாதீர்கள். “பொங்கல் முடிந்த வாரம்”, “தங்கை திருமணத்துக்கு முன்பு” என்று எழுதினால் போதும். இட்டுக்கட்டிய ஒரு தேதி குறுக்கு விசாரணையில் முழுப் புகாரையும் கவிழ்த்துவிடும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால், விளக்கமின்றி மூன்று மாதத்துக்கு மேல் தாமதமான புகார்களில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் அது இடம் கொடுத்தது. விளக்கம் எழுதப்பட்டிருந்தால், அந்தச் சாக்கை முன்வைப்பது காவல்துறைக்குக் கடினமாகும்.

சாட்சியங்களைப் பொறுத்தவரை, உடலில் தடயம் சேகரிக்க ஏறத்தாழ 96 மணி நேரம்தான் உண்டு. அதற்குப் பிறகும் சிகிச்சை பெறும் உரிமை இருக்கிறது. அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக முதலுதவி தர வேண்டும். இருவிரல் பரிசோதனை செய்வது ஒழுங்கீனம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்துள்ளது. யாராவது செய்ய முயன்றால் தடுத்து நிறுத்துங்கள். ஆண்டுகள் கடந்த வழக்கில் வேறு சான்றுகள் பேசும். அப்போது தோழியிடம் சொன்னது, அக்காவுக்கு எழுதிய கடிதம், வேலையை விட்ட தேதி, பள்ளி வருகைப் பதிவேடு, மனநல மருத்துவரின் சீட்டு, அலைபேசிச் செய்திகள் ஆகியவற்றைத் தேடுங்கள். செய்திகள் உள்ள அலைபேசியை விற்கவோ அழிக்கவோ கூடாது. மின்னணுச் சான்றுக்குச் சட்டப்படியான சான்றிதழ் தேவை. அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

காவல் நிலையம் மறுத்தால்

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை தங்களுடையதன்று என்று திருப்பி அனுப்ப இயலாது. வேலைக்காக ஊர் மாறிய பெண்களுக்கு இது பெரும் உதவி. சூரத்தில் நடந்ததைச் சென்னையிலும், மும்பையில் நடந்ததை மதுரையிலும் பதிவு செய்யலாம். பிறகு அது உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவதும் உரிமை.

மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால், உறுதிமொழிப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரை அணுகலாம். ஷாஜகான்பூரில் வழக்கு பிறந்தது நீதிமன்ற உத்தரவால்தான். வல்லுறவு, மானபங்கம் போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல நிலையங்களில் அதைச் சொன்னாலே பேனா எடுக்கப்படும்.

அதிகாரம் உள்ளவர் எதிரி என்றால் தெருவும் நீதிமன்றமும் சேர்ந்தே இயங்க வேண்டியிருக்கிறது. நாட்டுக்குப் பதக்கம் வென்ற மல்யுத்த வீராங்கனைகளே 2023-இல் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து, உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டிய பின்னர்தான் பாஜக எம்.பி. பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. 2024 மே மாதம் ஐந்து பேரின் புகார்கள் தொடர்பாக நீதிமன்றம் அவர் மீது குற்றச்சாட்டுகளை வனைந்தது.

வெளிப்படையாகப் பேசும் பெண் மீது அவதூறு வழக்குப் பாயலாம். முன்னாள் ஒன்றிய இணை அமைச்சர் எம்.ஜே. அக்பர், பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் ரமணியை விடுதலை செய்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், தான் தேர்ந்த எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது.

குற்றவியல் வழக்கைத் தாண்டி

எல்லாப் பெண்களும் எதிரியைச் சிறைக்கு அனுப்ப விரும்புவதில்லை. சிலருக்குப் பாதுகாப்பு வேண்டும். சிலருக்கு மருத்துவச் செலவும் வாழ்வாதாரமும் வேண்டும். என்ன வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வழிகளை விளக்குவது நம் வேலை.

பணியிடத்தில் நடந்தது என்றால் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த, அல்லது தொடர் சம்பவங்களில் கடைசியாக நடந்த, நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். குழு காரணம் எழுதி இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர் மீதான புகார் இந்த வரம்பைத் தாண்டியது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் அத்தீர்ப்பை அவருடைய தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வீட்டுவேலைத் தொழிலாளர்களும், 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களில் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். காலம் கடந்ததால் குழு மறுத்தாலும், காவல்துறையில் புகார் கொடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் நிலைமை நேர்மாறானது. பாதுகாப்பு, இருப்பிடம், ஜீவனாம்சம், இழப்பீடு ஆகியவை கோரி நடுவரிடம் மனுச் செய்ய ஓராண்டு வரம்பு பொருந்தாது என்று 2022 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற காமாட்சி என்பவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவாகரத்து ஆகிவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த காலத்து வன்முறைக்காக மனுச் செய்யலாம்.

இழப்பீடு பெறத் தண்டனைத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், விசாரணையே நடக்காவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம். 2018-ஆம் ஆண்டின் தேசியத் திட்டப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். இதற்கு 3 ஆண்டு வரம்பு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் ஆணைக்குழு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின் கீழ் வரும் நிவாரணம் தனி. வருமானம் எதுவானாலும் பெண்கள் அனைவருக்கும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுக்கச் சாதாரணமாக 3 ஆண்டுகள். சிறு வயதில் பாதிக்கப்பட்டவர்கள் வயது நிறைவடைந்த பின் 3 ஆண்டுக்குள் தொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணமும் இழுத்தடிப்பும் இருப்பதால் உழைக்கும் பெண்களுக்கு இது நடைமுறையில் அரிய வழியே.

சட்டம் கைவிடும் இடங்கள்

தோழர்களே, சட்டத்தைப் பயன்படுத்தும்போதே அதன் வர்க்கத் தன்மையையும் ஆணாதிக்கத் தன்மையையும் மறந்துவிடக் கூடாது. மாதச் சம்பளம் நின்றுவிடும் என்று அஞ்சும் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கு 3 மாத வரம்பு என்பது உரிமை மறுப்பே ஆகும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகே அவரால் வாய் திறக்க முடியும். திருநர் மீது பாலியல் வன்முறை இழைத்தால் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுகள்தான். அதனால் 3 ஆண்டு வரம்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பழைய 377-ஆவது பிரிவை முற்றாகக் கைவிட்ட புதிய நியாய சன்ஹிதா, வல்லுறவுக்கு உள்ளாகும் வயதுவந்த ஆணுக்கும் திருநருக்கும் அதற்கு ஈடான பாதுகாப்பு எதையும் தரவில்லை. மனைவி மீதான வல்லுறவு இன்றும் குற்றமாகவில்லை.

எனவே பணியிடப் புகாருக்கான வரம்பை நீட்டிக்கவும், பாலியல் குற்றங்கள் அனைத்துக்கும் காலவரம்பை நீக்கவும், திருநருக்குச் சமமான பாதுகாப்பு வழங்கவும் நாம் போராட வேண்டும். கிடைத்த நீதியைக் காப்பதும் போராட்டமே. பில்கிஸ் பானு வழக்கின் குற்றவாளிகள் பதினொரு பேரை 2022 சுதந்திர தினத்தன்று குஜராத் அரசு விடுவித்தபோது, தோழர் சுபாஷினி அலி உள்ளிட்டோரும் பில்கிஸும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 ஜனவரி 8 அன்று அந்த விடுதலை ரத்தாயிற்று. குற்றம் நடந்து அப்போது ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் அமைப்புக்குள் வரும் புகார்

கடைசியாக, பேசுவதற்குச் சங்கடமான ஒன்றைப் பேசியாக வேண்டும். பழைய புகார் ஒன்று நம் தோழர் மீதே வந்தால் என்ன செய்வோம்? அரசியல் கட்சிகள் உள்ளகக் குழு அமைக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது நமக்குச் சலுகையாகிவிடக் கூடாது. பெண் விடுதலையைத் திட்டத்தில் எழுதி வைத்திருக்கும் கட்சி, சட்டத்தின் குறைந்தபட்ச அளவைவிட மேலே நிற்க வேண்டும்.

கட்சி விசாரணை வேறு, சட்ட நடவடிக்கை வேறு. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கட்சிக்கு உண்டு. குற்றத்தை விசாரித்து முடித்துவைக்கும் அதிகாரம் இல்லை. “முதலில் நாங்கள் விசாரிக்கிறோம், நீங்கள் காவல் நிலையம் போக வேண்டாம்” என்று யாராவது சொன்னால், அவர் அந்தப் பெண்ணின் காலவரம்பைத் தின்கிறார். கட்சி விசாரணையில் கழிந்த மாதங்களை எந்த நீதிமன்றமும் கழித்துக் கணக்கிடாது. “இவ்வளவு நாள் கழித்து ஏன், தேர்தல் நேரத்தில் ஏன், யார் தூண்டிவிட்டது?” என்ற கேள்விகள் நம் கூட்டங்களில் எழுந்தால், காவல் நிலையத்தின் கேள்விக்கும் அவற்றுக்கும் வேறுபாடு இல்லை. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் காத்திருக்கும் உரிமையே நமக்கில்லை. போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பது குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை சட்டத்திலும் கட்சி அமைப்பு விதியிலும் உள்ளது. அதைக் காப்பதற்காகப் புகாரைப் புதைக்க வேண்டியதில்லை.

இவ்வகுப்பிலிருந்து நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரும் பெண்ணை முதலில் முழுமையாகப் பேச விடுங்கள். ஏன் தாமதம் என்று அதட்டாதீர்கள். சம்பவத்தின் நாளையும், அப்போதைய வயதையும், சாதியையும், பணி உறவையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரம்பு என்று வழக்கறிஞரிடம் அன்றே கேளுங்கள். மனு ரசீது இல்லாமல் காவல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பணம் கொடுத்து முடிப்பது, கட்டி வைப்பது போன்ற சமரசங்களுக்கு நம்மில் எவரும் சாட்சியாக நிற்கக் கூடாது. மனுக் கொடுக்கும் படத்தை வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடும் வழக்கத்தை இவ்வழக்குகளில் அடியோடு நிறுத்துங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். நம் பத்திரிகைகளுக்கும் அது பொருந்தும். புகார் கொடுத்த அன்றோடு நம் பணி முடிவதில்லை. வாச்சாத்திப் பெண்கள் தருமபுரி நீதிமன்றத்துக்கு எத்தனை முறை நடந்தார்களோ, அத்தனை முறையும் அவர்களோடு நடக்க ஆள் இருந்தது. பிறழ்சாட்சிகளும் சமரசங்களும் நிறைந்த இந்த நீதி அமைப்பில், கூட நடக்கும் அந்த ஆளாக ஒவ்வொரு கிளையும் இருக்க வேண்டும்.